‘வேணுமா?’ என்று கேட்ட பிள்ளை: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த அம்மா எங்கள் மையத்துக்கு வந்தார். கையில் தடிமனான ஒரு ஃபைல். காது கேட்கும் திறன் சோதனை, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி., ரத்தப் பரிசோதனை, நான்கு டாக்டர்களின் சீட்டு, எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருந்தார். பையன் வரவேற்பறை மின்விசிறிக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். வயது மூன்றும் இரண்டு மாதமும். “மேடம், ஆட்டிசம்னா என்னன்னு எனக்குத் தெரியும். யூடியூப்ல பாக்காத வீடியோ இல்ல. வீட்ல நான் என்ன செய்யணும்னுதான் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க” என்றார்.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் சிறப்பாசிரியர் நான்; இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஆனாலும் அன்று நான் கொடுத்த பதில் தவறாகிப்போனது. எட்டு வாரம் கழித்துத்தான் எனக்கே அது புரிந்தது. அந்த எட்டு வாரத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டில் பையனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கேயும் அவன் தம்பி.

வீடும் பின்னணியும்

சென்னை பெரம்பூரில் இரண்டாவது மாடியில் ஒரு வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, நீளவாக்கில் ஒரு சமையலறை. அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார், வாரம் மாறி வாரம் ஷிஃப்ட். அம்மா பி.காம். படித்தவர், பிரசவம் வரை புரசைவாக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தார். கூட இருப்பது அப்பாவின் அம்மா. அவரை எல்லோரும் ஆயா என்றே கூப்பிடுகிறார்கள்.

தம்பி 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவில் பிறந்தவன். நிறைமாதப் பிரசவம், எடையும் சரி, பதின்மூன்று மாதத்தில் நடந்துவிட்டான். ஒன்றேகால் வயதில் அம்மா, தாத்தா, காக்கா என்று மூன்று சொல் வந்தது. இரண்டு வயதாவதற்குள் மூன்றும் போய்விட்டன. ஆட்டிசம் என்பது பேச்சும் பிறரோடு பழகுவதும் வேறு விதமாக வளரும் மூளையின் அமைப்பு. அது உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினர் இப்படிக் கற்ற சொற்களை இழப்பதுண்டு. அந்த இழப்பைக் கண்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் பரிசோதிக்க வேண்டும். ஆனால் இவர்களுக்குக் கிடைத்தது வேறு விளக்கம். “கொரோனா குழந்தை, யாரையும் பாக்காம வளர்ந்துது, அதான்” என்றார்கள் உறவினர்கள். “ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்” என்று ஒரு டாக்டரும் சொல்லிவிட்டார். இப்படியே பத்து மாதம் போனது.

பிறகு ஓர் அரசு மருத்துவமனையில் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் தம்பிக்கு 112 வந்திருந்தது. நாற்பது கேள்விகள் கொண்ட அந்த அளவுகோலில் 70 முதல் 106 வரை லேசான நிலை, 107 முதல் 153 வரை மிதமான நிலை, அதற்கு மேல் தீவிரம். அடுத்து ஒரு தனியார் தெரபி மையம். முக்கால் மணி நேர செஷன், வாரம் மூன்று நாள். கதவைச் சாத்திவிடுவார்கள், அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஐந்து மாதம் பணம் கட்டியும் உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் நார்மலாகிவிடுவான் என்று அங்கே சொன்னதாக அம்மா என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படி யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது, கொடுக்கவும் முடியாது.

அந்த எட்டு வாரம்

முதலில் ஐந்து நிமிட வீடியோ ஒன்று எடுத்து வரச் சொன்னேன். வழக்கம்போல வீட்டில் அம்மாவும் பையனும் விளையாடுவது. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எண்ணினேன். ஐந்து நிமிடத்தில் அம்மா 41 முறை பேசினார். அதில் 29 கேள்வி அல்லது கட்டளை: “இது என்ன? சொல்லு. யானை சொல்லு. இங்க பாரு. அம்மாவைப் பாரு.” தம்பி அந்த நேரத்தில் ஆறு முறை எதையோ சொல்ல வந்தான். வாயால் இல்லை, ஒரு முறை அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்தான், ஒரு முறை பொம்மையைத் தட்டிவிட்டு அரைக் கணம் அவர் முகத்தைப் பார்த்தான். ஆறில் ஒன்றுதான் அம்மாவின் கண்ணில் பட்டது. மற்ற ஐந்தும் யானை சொல்லு என்பதற்குள் மூழ்கிவிட்டன.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, வகுப்பு எடுத்தேன். ஆறு அம்மாக்கள், வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம், படங்களோடு. ஆட்டிசம் என்றால் என்ன, ஏன் கண்ணைப் பார்ப்பதில்லை, காத்திருத்தல் ஏன் முக்கியம், மொபைலை எப்படிக் குறைப்பது. தம்பியின் அம்மா எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். கேள்வி கேட்டால் முதல் ஆளாகப் பதில் சொல்வார். எட்டாவது வாரம் மறுபடி வீடியோ எடுத்து வரச் சொன்னேன். 38 முறை பேசியிருந்தார். 27 கேள்வி.

எனக்கு அன்று தூக்கமில்லை. குறை அவரிடம் இல்லை. நீச்சலைக் கரும்பலகையில் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஏன் இன்னும் மிதக்கவில்லை என்று கேட்டது நான்.

இதைப் பற்றி நல்ல ஆய்வு ஒன்று உண்டு. 2015இல் வெளிவந்த அந்த ஆய்வில், அமெரிக்காவில் ஆறு இடங்களில், ஆட்டிசமும் கடும் நடத்தைச் சிக்கல்களும் உள்ள 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் 180 பேரின் பெற்றோரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆட்டிசம் பற்றிய நல்ல தகவல்கள் மட்டும். இன்னொரு பிரிவுக்குக் குழந்தையின் சிக்கலான நடத்தையைக் கையாளும் பயிற்சி, செய்துபார்த்துத் திருத்திக்கொள்ளும் வகையில். 24 வாரம் கழித்துப் பெற்றோர் தந்த மதிப்பெண்படி, எரிச்சலும் முரண்டும் தகவல் பிரிவில் 31.8 சதவீதம் குறைந்தன. பயிற்சிப் பிரிவில் 47.7 சதவீதம். எந்தக் குழந்தை எந்தப் பிரிவு என்று தெரியாத மருத்துவர்கள் பார்த்தபோது வித்தியாசம் இன்னும் பெரிது: நன்றாக முன்னேறியதாகச் சொல்லப்பட்டவர்கள் தகவல் பிரிவில் 39.6 சதவீதம், பயிற்சிப் பிரிவில் 68.5. தகவலாலும் பயன் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் தம்பியின் அம்மாவிடம் தகவல் ஏற்கெனவே நிறைய இருந்தது. நான் அதன் மேலேயே இன்னும் கொட்டிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் முறையை மாற்றினேன். வாரம் ஒரு மணி நேரம், பையனோடு அம்மாவே விளையாட வேண்டும், நான் பக்கத்தில். ஒரு வாரம் மையத்தில், அடுத்த வாரம் அவர்கள் வீட்டில். விளையாட்டில் பத்து நிமிடத்தை மொபைலில் பதிவு செய்து, உடனே இருவரும் பார்ப்போம். முதலில் அவர் சொல்ல வேண்டும், என்ன நன்றாக நடந்தது என்று. பிறகுதான் நான்.

இப்படி வீடியோவை வைத்துப் பெற்றோரோடு வேலை செய்யும் முறையை நம் பக்கத்திலேயே சோதித்திருக்கிறார்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்த அந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பயிற்சி கொடுத்தவர்கள் பெரிய பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்ல, பயிற்றுவிக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் குழந்தையின் போக்கை அனுசரித்துப் பேசுவது கூடியது. குழந்தை தானாக முன்வந்து தொடர்பு கொள்வதும் கூடியது. இருவரும் சேர்ந்து ஒரே பொருளில் கவனம் வைக்கும் நேரம் மட்டும் குறைந்தது. முழு வெற்றி என்று சொல்ல முடியாவிட்டாலும், நிபுணர் கிடைக்காத ஊரில் இது பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சியிலும் ஒன்பது குழு வகுப்புகளோடு மூன்று முறை வீட்டுக்கே போவதும் இருக்கிறது. வீட்டுக்குப் போகாமல் இந்த வேலை முழுமையாகாது என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை, பெரம்பூர் ஹாலே போதும்.

ஹாலில்

முதல் வீட்டு செஷனில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஐந்து நிமிடம் பேசாமல் அவன் பக்கத்தில், அவன் கண் மட்டத்தில் உட்காருங்கள். அவன் என்ன செய்கிறானோ அதை நீங்களும் செய்யுங்கள். அவன் பாட்டில் மூடியைச் சுழற்றினால் உங்களிடமும் ஒரு மூடி.

அம்மா ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தார். பிறகு அழுதுவிட்டார். சமையலறை வாசலில் நின்ற ஆயா, “இன்னாமா இது, பேசாம இருந்தா புள்ள எப்டிமா பேசும்? நாங்க இன்னும் நெறைய பேசணும்னு நெனச்சிக்கினு இருக்கோம்” என்றார். நியாயமான கேள்வி. பதிலை வாயால் சொல்லாமல் இன்னும் இரண்டு நிமிடம் பொறுக்கச் சொன்னேன். அம்மா மூடியைச் சுழற்றினார். தம்பி நிறுத்தினான். அவர் மூடியைப் பார்த்தான், பிறகு முகத்தை. அவர் நிறுத்தினார். அவன் அவர் கையைத் தட்டினான், இன்னொரு முறை சுழற்று என்று. வீடியோவில் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம். ஆயாவும் வந்து உட்கார்ந்து பார்த்தார்.

பொம்மை எதுவும் வாங்கச் சொல்லவில்லை. டப்பாக்கள், சல்லடை, பட்டாணி போட்டு இறுக மூடிய பாட்டில், அவ்வளவுதான். முறுக்கு டப்பாவை அவன் கண்ணில் படும் இடத்தில், ஆனால் அவனால் திறக்க முடியாதபடி மூடி வைத்தோம். திறக்க ஆள் வேண்டும். அப்போதுதான் ஆளைத் தேடுவான். அப்புறம் கைவிளையாட்டு. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாக மடக்கி, கை வழியே நண்டு ஊர்ந்து அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் அந்த விளையாட்டை நம் பாட்டிமார் யாரும் தெரபி என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் காத்திருத்தலைக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. நண்டு முழங்கையில் நின்றுவிட வேண்டும். பத்து எண்ணும்வரை அசையக் கூடாது. குழந்தை கையை நீட்டும், நெளியும், சிரிக்கும், ஒரு நாள் கண்ணைப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் கிச்சுகிச்சு. ஆயாவுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அந்த வாரத்திலிருந்து பயிற்சியில் அவரும் ஒரு ஆள்.

கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பது ஃபைலில் இருந்த முதல் குறை. ஒரு நாள் முழுக்க வீட்டில் அவனை எப்படியெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று குறித்துவைக்கச் சொன்னேன். தம்பி, கண்ணு, குட்டி, செல்லம், தங்கம், டேய், இது போக மருத்துவமனையிலும் மையத்திலும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பெயருக்குத் திரும்புவது ஏற்கெனவே கடினம். ஏழு பெயர் என்றால் எதற்குத் திரும்புவான்? தம்பி என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். அதையும் சும்மா கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அவனுக்குப் பிடித்த ஏதாவது நடக்க வேண்டும். குளிக்க, மருந்து குடிக்க அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது, பக்கத்தில் போய்த் தொட்டு அழைக்க வேண்டும். ஆறு வாரத்தில் பத்துக்கு நான்கு முறை திரும்பினான்.

வேணுமா, வேணும்

தம்பிக்குப் பேச்சே இல்லை என்று முந்தைய மையத்தின் அறிக்கையில் எழுதியிருந்தது. அது சரியல்ல. இரண்டாவது முறை வீட்டுக்குப் போனபோது, அவன் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் “பால் வேணுமா?” என்றான். அச்சு அசல் அம்மாவின் ராகம், கடைசியில் குரல் மேலே ஏறுவது உட்பட. ஆயா, “எனக்கு வேணாம்டா கண்ணு” என்று பதில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி டம்ளரோடு அப்படியே நின்றான். பிறகு கையைக் கடித்துக்கொண்டான்.

நான் நோட்டை மூடிவிட்டு யோசித்தது அங்கேதான். அவன் கேட்கிறான், நமக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

அவன் பிறந்ததிலிருந்து பால் வரும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் ஒரு சத்தம் வருகிறது, பால் வேணுமா என்று. அந்தச் சத்தம் முழுவதும் சேர்ந்துதான் அவனுக்குப் பாலின் பெயர். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் எதிரொலிப் பேச்சு இது. தமிழில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் மொழியில் சொல்லின் கடைசியில் ஓர் ‘ஆ’வைச் சேர்த்தால் கேள்வி ஆகிவிடுகிறது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். வாக்கியத்தை ஒரு மெட்டாக வாங்கிக்கொள்ளும் குழந்தைக்கு அந்த ஒரு நெட்டெழுத்தின் பொருள் தனியாகப் பிரிந்து தெரிவதில்லை. சாப்பிடுறியா, தூங்கலாமா, தூக்கட்டுமா எல்லாம் இதே கதை.

இன்னொன்றும் இருக்கிறது. 1943இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை முதலில் விவரித்தபோதே, அவர்கள் ‘நான்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நீ’ என்று, கேட்டபடியே சொல்வதைக் கவனித்திருந்தார். ஆங்கிலத்தில் அது காதில் பளிச்சென்று விழும். நாம் நான், நீ எதையும் பெரும்பாலும் சொல்வதே இல்லை; ஆள் யார் என்பது வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘சாப்பிடுறியா’ என்று குழந்தை சொன்னால் அதற்குள் ஒரு ‘நீ’ ஒளிந்திருப்பது நமக்கே தெரிவதில்லை. அதனால் தமிழ் வீடுகளில் இந்தக் குழந்தைகள் கேட்பது கேட்பதாகவே பதிவாகாமல் போய்விடுகிறது.

அம்மாவுக்குக் கொடுத்த பயிற்சி இதுதான். கேட்காதீர்கள். அவன் சொல்ல வேண்டியதை அவன் இடத்தில் நின்று, அவன் குரலாகச் சொல்லுங்கள். டம்ளரோடு வந்தால், “பால் வேணும்” என்று சொல்லி ஒரு வாய் ஊற்றுங்கள். ஒரு வாய்தான். தீர்ந்ததும் டம்ளர் மறுபடி வரும். மறுபடி “பால் வேணும்”, மறுபடி ஒரு வாய். ஒரு டம்ளர் பாலுக்குள் பத்து வாய்ப்பு. நான்கைந்து நாள் கழித்து “பால்...” என்று நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். சொல்லவில்லை என்றால் பாலை மறுக்கக் கூடாது, நீங்களே முடித்துச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பசியோடு பேரம் பேசுவது பயிற்சி ஆகாது.

கேட்க எளிது, செய்வது கடினம். அம்மாவின் வாயில் வேணுமா என்பது மூச்சு மாதிரி வந்துகொண்டிருந்தது. சமையலறைச் சுவரில் ‘வேணும்’ என்று ஒரு காலண்டர் தாளில் எழுதி ஒட்டினார். ஆயாவும் அப்பாவும் மாற வேண்டும், எதிர்வீட்டு அக்காவும் மாற வேண்டும். பத்தொன்பதாவது நாள் தம்பி “வேணு” என்றான், மகர ஒற்று இல்லாமல், குரல் மேலே ஏறாமல். அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய நான்கு விநாடி ஆடியோவை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒரு சிறு குறிப்பு. வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும் என்று முந்தைய இடத்தில் சொல்லியிருந்தார்கள். சென்னையில் இந்த அறிவுரையை அடிக்கடி கேட்கிறேன். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் வராத மொழியில் பேசும் அம்மாவின் பேச்சு வற்றிப்போகும். வா, போ, தா என்று ஓரெழுத்தில் வேலை முடிக்கும் மொழியை வைத்துக்கொண்டு நாம் ஏன் வேறெங்கோ போக வேண்டும்?

ஆயாவும் குளியலும்

தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் தம்பி அலறுவான், கையைக் கடிப்பான், தலையைச் சுவரில் மோதுவான். பிடிவாதம் என்றார் அப்பா. “மாசமா இருக்கும்போது நாள் முழுக்க போனும் கையுமா இருந்தா, அதான் புள்ள இப்டி” என்று ஆயா மருமகளைக் காட்டினார். அம்மா தலை குனிந்தார்.

அதை அங்கேயே நிறுத்தினேன். தாயைக் குற்றவாளியாக்குவது ஆட்டிசத்தின் வரலாற்றில் பழைய அநியாயம். தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்ற கருத்தை 1960களில் புருனோ பெட்டல்ஹைம் போன்ற உளவியல் எழுத்தாளர்கள் பரப்பினார்கள், எத்தனையோ தாய்மார் அந்தப் பழியோடு வாழ்ந்தார்கள். ஆட்டிசம் உள்ள ஒரு மகனுக்குத் தகப்பனான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லேண்ட் 1964இல், இது மூளை வளர்ச்சி சார்ந்தது, வளர்ப்பின் பிழை அல்ல என்று வாதிட்டார். அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் எரிக் ஷாப்லர் என்ற உளவியலாளரும் சக ஊழியர்களும் பெற்றோரையே கூட்டாளிகளாக வைத்து வேலை செய்துகாட்டினார்கள். 1972இல் அது மாநிலம் முழுவதற்குமான திட்டமானது. இன்று நாம் பெற்றோர் பயிற்சி என்று சொல்வது அந்தத் திருப்பத்திலிருந்து வந்தது. இதையெல்லாம் ஆயாவிடம் பெயர், வருடம் என்று சொல்லவில்லை. “உங்க மருமக மேல தப்பு இல்ல ஆயா. தடுப்பூசியால இல்ல, போனால இல்ல, கொரோனாவால இல்ல. இது பிறவியிலேயே வர்ற மூளையோட அமைப்பு” என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பேச்சை அதன் பிறகு என் முன்னால் எடுக்கவில்லை.

குளியலுக்கு வருகிறேன். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் மூன்று கட்டம் போட்டுப் பத்து நாள் எழுதச் சொன்னேன்: முன்னால் என்ன, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன. பத்து நாளும் ஒரே கதை. கண்ணை மூடியிருக்கும்போது எங்கிருந்து, எவ்வளவு தண்ணீர் விழும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அலறினால் குளியல் நின்றுவிடுகிறது. ஆக அலறல் அவனுக்கு வேலை செய்கிறது; அதுவே அவனிடம் இருந்த ஒரே சொல்.

தீர்வில் பாதி ஆயாவுடையது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல மனையில் உட்கார்ந்து காலை நீட்டி, அவனை மேலே உட்காரவைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த அழுத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது. குவளையைக் கண் முன்னால் காட்டி, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணி மூன்றே குவளை, பிறகு முடிஞ்சுது என்று சொல்லிக் குவளையைக் கவிழ்த்துவிட வேண்டும். நான்காவது குவளை கூடவே கூடாது, சோப்பு மிச்சம் இருந்தாலும் சரி, துணியால் துடைத்துக்கொள்ளலாம். வாக்கு தவறினால் எண்ணுவதற்கு மதிப்பு போய்விடும். ஒரு மாதத்தில் அலறல் முனகலானது. “மூணு” என்று அவனே சொன்ன நாள் ஆயா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மொபைல், வீட்டு ஓனர், அப்பா

சாப்பாட்டில் நான் போட்ட திட்டம் முதலில் தோற்றது. மொபைல் பார்த்தால்தான் தம்பி வாய் திறப்பான். தயிர்சாதம், சட்னி இல்லாத இட்லி, இவை மட்டும். கடைசி ஐந்து வாய் மட்டும் மொபைல் இல்லாமல் என்று தொடங்கினோம். அழுகை குறைவதற்கு முன்னால் கூடும் என்று எச்சரித்திருந்தேன். மூன்றாம் நாள் இரவு கூடியது. கீழ்வீட்டிலிருந்து வீட்டு ஓனர் மேலே வந்து, தினமும் இப்படிக் கத்தினால் எப்படி என்று கேட்டார். அம்மா மொபைலைக் கொடுத்துவிட்டார். வாடகை வீட்டில் வேறென்ன செய்வார்? அழுகையைத் தாங்குங்கள் என்று சொல்லும் நாங்கள் சுவரின் மறுபக்கம் இருப்பவர்களை நினைப்பதே இல்லை. திட்டத்தை மதியத்துக்கு மாற்றினோம். ஓனர் வீட்டம்மாவிடம் அம்மாவே போய்ப் பேசினார், என்ன செய்கிறோம், எத்தனை நாள் ஆகும் என்று. அந்தப் பேச்சுக்கு முன்னால் ஒத்திகை பார்த்தோம். அதுவும் பயிற்சிதான்.

அப்பா செஷனுக்கு வரவில்லை என்று ஆரம்பத்தில் குறைபட்டுக்கொண்டேன். அரை நாள் லீவு போட்டால் அரை நாள் கூலி போகும் என்பதை நான் கேட்டிருக்க வேண்டும். பெற்றோர் பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டு அம்மாவுக்கு மட்டும் பாரம் ஏற்றுவது எங்கள் துறையின் பெரிய குறை. மாதம் ஒரு ஞாயிறு அவருக்காக ஒதுக்கினேன். அவர் பயிற்சியைத் தானே கண்டுபிடித்தார்: பெரம்பூரிலிருந்து ஆவடிக்கு மின்சார ரயில், அங்கிருந்து திரும்ப அடுத்த ரயில். மேடையில் நின்று “ரயில் வருது” என்று சொல்லிக் காத்திருப்பது, ஏறுவது, உட்கார்வது, இறங்குவது. கூட்டம் குறைந்த நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டியது. ‘வருது’ என்ற சொல் அந்த நடைமேடையில்தான் தம்பிக்கு வந்தது.

டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழை வடசென்னையை மூழ்கடித்தது. அவர்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. மொபைல் முதல் நாளே அணைந்துவிட்டது. விசிறி சுற்றவில்லை, தம்பிக்கு உலகத்திலேயே பிடித்த பொருள் அது. முதல் நாள் முழுக்க அழுதிருக்கிறான். இரண்டாம் நாள் மாலை ஹாலின் நடுவில் நின்று, அண்ணாந்து, “ஃபேன் வேணும்” என்றான். யாரும் முன்னால் சொல்லவில்லை, கண்ணுக்கு முன்னால் சுற்றவும் இல்லை. கேட்டது கிடைக்க வழியுமில்லை. அம்மா இதைச் சொல்லும்போது, அவன் கேட்டதற்கு அழுவதா, கொடுக்க முடியாததற்கு அழுவதா என்று தெரியவில்லை என்றார். ஆயா பரண் மேலிருந்த பனையோலை விசிறியை எடுத்து, “இந்தா ஃபேன்” என்று வீசியிருக்கிறார். அவன் விசிறியின் விளிம்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

இருபத்துநான்காவது வாரம்

2024 பிப்ரவரி கடைசியில் அதே ஐந்து நிமிட வீடியோ. அம்மா பேசியது 17 முறை, அதில் கேள்வியும் கட்டளையும் 5. தம்பி தானாக முன்வந்தது 19 முறை. தூண்டாமல் சொல்லும் சொற்கள் முப்பதுக்கு மேல். கை கடிப்பது நாளுக்குப் பலமுறை என்பதிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று என்று இறங்கியிருந்தது. ஆட்டிச அளவுகோலை நான் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. அது நிலையைக் கணிக்க உள்ள கருவி, சில மாத மாற்றத்தை அளக்க அல்ல.

இவை எல்லாம் பயிற்சியால் மட்டுமே வந்தவை என்று சொல்ல மாட்டேன். இது ஒரே ஒரு குழந்தை. இந்தக் காலத்தில் வாரம் இருமுறை ஸ்பீச் தெரபியும் நடந்தது, குழந்தையும் எட்டு மாதம் வளர்ந்தான். எனக்கு உறுதியாகத் தெரிவது அம்மாவிடம் நடந்த மாற்றம்; முதல் எட்டு வாரத்தில் அசையாத எண்கள் அடுத்த இருபத்துநான்கில் அசைந்தன.

நடக்காதவையும் உண்டு. சாப்பாட்டில் சாம்பார் சாதம் ஒன்றுதான் புதிதாகச் சேர்ந்தது. கழிப்பறைப் பயிற்சி பகலில் மட்டும். யாரோ சொன்னார்கள் என்று பாலையும் கோதுமையையும் நிறுத்தப் பார்த்தார்கள். ஏற்கெனவே ஒரு சில பண்டம் மட்டும் தின்னும் குழந்தைக்கு, போதுமான சான்று இல்லாத ஒரு பத்தியத்துக்காக இருப்பதையும் பிடுங்க வேண்டாம் என்று தடுத்தேன். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவே ஐந்து மாதம் ஆனது. முத்திரை குத்திவிடுவார்கள் என்று ஆயாவுக்குப் பயம். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி இருக்கிறது என்று விளக்கியும் அசையவில்லை. மனுவை எழுதியது கடைசியில் அப்பா. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனமே இருக்கிறது, நல்ல இடம். ஆனால் பெரம்பூரிலிருந்து குழந்தையோடு போய்வர ஒரு நாள் சரியாகிவிடும். வாராவாரம் போக முடியாதவர்களுக்கு வீடுதான் மையம்.

ஜூனில் தம்பி பக்கத்துத் தெருப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்தான். முதல் வாரமே டீச்சர், “நான் கேக்குறதையே திருப்பிக் கேக்குறாங்க உங்க பையன்” என்றிருக்கிறார். அம்மா தன் மொபைலில் இருந்த இரண்டு வீடியோவைக் காட்டி, ‘வேணுமா’, ‘வேணும்’ கதையை அவருக்கு விளக்கிவிட்டு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை, ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

முடி வெட்டுவது இன்னும் முடியவில்லை. தூங்கும்போது ஆயா கத்தரியால் வெட்டிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலிலிருந்து இறங்கியதும் அப்பாவும் மகனும் சலூன் வாசலில் நின்று டிரிம்மர் சத்தத்தை, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். போன வாரம் பத்து வரை நின்றார்களாம். உள்ளே இன்னும் போகவில்லை.